பதினாலு மாடிக் கேக்கும் எங்கள் கொத்தனாரும்

மும்பையில் கேக்குக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தாராவியில் கல்லி என்று சொல்லும் சந்தில் இருந்த கொத்தனார்தான். மும்பை என்ன, இந்தியா முழுக்கத் தேடினாலும் இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். கிடைத்தால் கொண்டுவந்து காட்டுங்கள், நான் இந்தப் பத்தி எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு என் மனைவி சாந்தி, அப்படி ஒருவரைத் தானே தேடிக் கண்டுபிடிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். பன்னிரண்டு வருடம் எதிர்வீட்டில் குடியிருந்தும் எனக்கு அது தெரியாது. கல்லிக்கு அவர் கொத்தனார், எனக்கு அண்ணாச்சி, அவர் மனைவி எஸ்தர் மதினிக்கு "இந்தா பாருங்க". திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பகலில் ஊரெல்லாம் டவர் எழும்புகிற சைட்டுகளில் பூச்சு வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்குக்கு அலங்காரம். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவருடைய கட்சி.

கேக் சுடுவது மதினி. அதில் குறை சொல்ல முடியாது. கல்லியில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் மதினி வீட்டு வாசலில் வெண்ணெய் மணம் வந்துவிடும். ஆனால் மேலே க்ரீம் தடவுவதில் மட்டும் அவருக்குக் கை வராது. ஒருநாள் அப்படி மேடும் பள்ளமுமாகத் தடவிவிட்டு மதினி முழித்துக்கொண்டிருந்த நேரத்தில், வேலை முடிந்து வந்த கொத்தனார் கை கால் கழுவிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"தள்ளு ஏட்டி. இது பூச்சு வேலை. இதப் போயி நீ செஞ்சுக்கிட்டிருக்க!"

அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த கரண்டியை அவர் பிறகு கீழே வைக்கவில்லை.

கேக்குக்கென்று புதிதாக ஒரு கொத்துக்கரண்டி வாங்கினார். சிமெண்டைக் கண்ணால்கூடப் பார்க்காத கரண்டி அது. துவைத்த டர்க்கி டவலில் சுற்றி, பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அவருக்கு கேக் என்பது செங்கல், க்ரீம் என்பது கலவை. கேக்கின் மேல் சர்க்கரைப் பாகு தெளிக்க மதினி மறந்துவிட்டால் வீட்டில் பூகம்பம்தான். "செங்கல்ல நனைக்காம எவனாவது பூசுவானா? நாளைக்கு வெடிச்சுப்போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்பார். முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு, பிறகு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான். "க்யூரிங் நடக்கு, பூச்சு இறுகணும். இப்பத் தொட்டா நான் பொறுப்பில்ல."

கடைசியில் கேக்கின் மேல் ரசமட்டத்தை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, உள்ளே இருக்கும் குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால்தான் கேக் வெளியே போகும். ஒருதடவை நிற்கவே இல்லை. மூன்று முறை க்ரீமைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். பிறகுதான் சாய்ந்திருப்பது மேஜை என்று தெரிந்தது. அப்போதும் மனுஷன் அசரவில்லை. மேஜைக் காலை அறுத்துச் சரிபண்ணிவிட்டு, கேக்கை நாலாவது முறை பூசினார்.

இன்னொரு பழக்கம். எந்தக் கேக்கானாலும் ஓர் ஓரத்தில் சாக்லேட்டால் கறுப்புப் பொட்டு ஒன்று வைத்துவிடுவார். புதுக் கட்டடத்துக்குப் பூசணிக்காய் கட்டுவது போல கேக்குக்கும் திருஷ்டி கழிய வேண்டுமாம். "பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரோ!" என்று மதினி தலையில் அடித்துக்கொள்வார். பாஸ்டர் மகள் பிறந்தநாள் கேக்கிலும் பொட்டு இருந்தது. பாஸ்டர் அதைத்தான் முதலில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்ன கேக் வேண்டும் என்று அவர் பெரியவர்களிடம் கேட்கவே மாட்டார். பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டு, தானும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசாரிப்பார். அப்பா அம்மா வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். நடுவில் யாராவது மூக்கை நுழைத்தால், "பர்த்டே யாருக்கு? ஒங்களுக்கா? அப்பம் சும்மா நில்லுங்க" என்று வாயை அடைத்துவிடுவார். பிள்ளை சொன்னது சொன்னதுதான். பிறகு ஆண்டவரே வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார்.

ஐந்து வயது முத்து அப்படித்தான் காக்கா கேட்டான். அவன் அம்மா பதறிப்போனாள். "திதி திவசத்துக்குக் கூப்பிடுற காக்காவ பொறந்தநாள்ல வைப்பாங்களா அண்ணாச்சி? ஒரு மயிலு, ஒரு கிளி..." கொத்தனார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் வந்து இறங்கிய காக்கா தலையைச் சாய்த்து எல்லாரையும் ஒருமாதிரி பார்த்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு, திருஷ்டிப் பொட்டு வைக்க இடமில்லை. அதனால் வாலில் வெள்ளைப் பொட்டு. கத்தியை எடுத்தபோது நிஜக் காக்கா இரண்டு எதிர்த் தகரக் கூரையில் வந்து உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிட்டன. அவற்றுக்கும் ஒரு துண்டு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கிடைத்தது.

நாலு வயதுக் குட்டி ஒருத்தி, தண்ணீர் வருகிற குழாய் கேட்டாள். குழாய் மட்டும் போதாது, தண்ணீரும் வர வேண்டும். கொத்தனார் கேக்குக்குள் ஸ்ட்ராவால் பைப்லைன் போட்டு, பின்னால் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, ரோஸ்மில்க் வரவழைத்தார். எங்கள் கல்லிக் குழாயைப் போலவே அதுவும் கால் மணி நேரம் வந்து நின்றுவிட்டது. அதற்குள் பிள்ளைகள் தம்ளரோடு வரிசையில் நின்று சண்டையும் போட்டு முடித்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் மகள் மீனு தன்னுடைய ஏழாவது பிறந்தநாளுக்குப் போனாள்.

அந்த மே மாதம் எங்கள் வீட்டில் நிலவரம் சரியில்லை. நான் மாட்டுங்காவில் ஓர் ஆபீசில் க்ளார்க். இத்தனை வருடம் குருவி சேர்ப்பது போலச் சேர்த்து, செம்பூரில் ஒரு கட்டடத்தின் பதினாலாவது மாடியில் சின்னதாக ஒரு வீடு பார்த்திருந்தோம். மீனுவின் பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் குடிபோக வேண்டும். சாந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. மீனுவோ ஒரே பிடியாக வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய சிநேகிதர்கள், சண்டைக்காரர்கள் எல்லாரும் இந்தக் கல்லியில்தான். நாங்கள் மட்டும் போகலாமாம், அவள் எஸ்தர் மதினி வீட்டு மாலாவில், அதாவது பரணில், இருந்துகொள்வாளாம். சோறு எஸ்தர் பெரியம்மாவே போடுவாராம். எங்களோடு பேச்சு வார்த்தையே இல்லை. எங்கேயோ தண்ணியில்லாக் காட்டுக்குக் கொண்டுபோவது போல எங்களைப் பார்த்தாள். அவளைத் தூக்கி டெம்போவில் போட்டுக்கொண்டு போகிற நாளை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கப்படி நான் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். வழக்கப்படி ஒட்டுக் கேட்டேன்.

"சொல்லு பிள்ள. என்ன கேக்கு?"

"பில்டிங், பெரியப்பா."

"எந்த பில்டிங்கு?"

"செம்பூர் பில்டிங். ஃபோர்டீன் ஃப்ளோர். ஃபுல்லா வேணும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. புது வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். கொத்தனார் விடவில்லை.

"என்னத்துக்கு அது?"

"வெட்டி வெட்டி ஃபினிஷ் பண்ணணும். பில்டிங்கே இல்லன்னா அப்புறம் எப்டி ஜானேகா, எப்டி போறது?"

பிறகு கொத்தனார், "சரி. ஒடைக்கணும்னா மொதல்ல முழுசா கட்டணும். ஒரு மாடி கொறையாது. போ" என்றார்.

நான் அவரைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணாச்சி, அவதான் சின்னப் பிள்ளை. நீங்களும் சேர்ந்து ஆடுறீங்களே! ஒரு பொம்மை, ஒரு பட்டாம்பூச்சி செஞ்சு குடுங்க. மனசு மாறிடும்."

"தம்பி, பிள்ள கோவத்துல இருக்கு. கோவத்துல இருக்கவங்க கையில பட்டாம்பூச்சியக் குடுத்தா அதப் பிச்சுத்தான் போடும். கட்டடத்தக் குடுத்துப் பாப்போம். நீரு சும்மா கெடயும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் செம்பூருக்கே போய், சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று, அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களை எண்ணிக்கொண்டு வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "நாலாவது மாடி ஜன்னலுக்கு மேல நீட்டுத சஜ்ஜா அரை இஞ்சி எறங்கியிருக்கு, கவனிச்சீரா?" நான் கவனிக்கவில்லை. வீட்டுக்காகக் கையெழுத்துப் போட்டபோது யாரும் இதைச் சொல்லவும் இல்லை. "கவலப்படாதீரும். கேக்குல சரிபண்ணிருதேன்" என்று ஆறுதல் சொன்னார்.

மே மாத வெயிலில் மும்பையில் மனிதனே உருகுகிறான், க்ரீம் எம்மாத்திரம். கீழே அடுப்புச் சூடு, போதாததற்குப் பிள்ளைகளின் விரல்கள். அதனால் பதினாலு மாடியை மாலாவில் வைத்துக் கட்டுவது என்று முடிவெடுத்தார். மேலே தகரக் கூரை கொதிக்குமே என்றேன். சைட்டில் கான்கிரீட்டுக்குப் போடுவது போல கூரைக்குக் கீழே ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, இரண்டு மின்விசிறியையும் ஒரு கூலரையும் கடன் வாங்கி ஓடவிட்டார். இரண்டு நாள் வேலைக்கு லீவு. மதினி கீழே சுட்டுச் சுட்டு ஏணி வழியாக மேலே கொடுக்க, அவர் நனைத்து அடுக்கி, மாடிக்கு மாடி பிஸ்கட்டால் தளம் போட்டு, மூங்கில் குச்சிகளால் தூண் நிறுத்தினார். நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார். நாலாவது மாடி சஜ்ஜாவை அரை இஞ்ச் தூக்கி வைத்தார்.

பிறந்தநாள் அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு மேலே போய்ப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்துக்குச் செம்பூர் கட்டடம் அப்படியே நின்றது. ஜன்னல், பால்கனி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் திருஷ்டிப் பொட்டு. ஐந்து மணிக்குக் கல்லி நடுவே மேஜை போட்டு வெட்டுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பலூன் ஊதியாகிவிட்டது.

"எறக்கிருவோம்" என்றார் கொத்தனார்.

நாங்கள் இருவரும் ஏணி ஏறி வருகிற மாலாவின் ஓட்டையைப் பார்த்தோம். ஓட்டை ஒன்றரை அடி. கேக் நிற்கும் ப்ளைவுட் பலகை இரண்டு அடி. பலகையை மேலே ஏற்றும்போது செங்குத்தாகச் சாய்த்து ஏற்றியிருந்தார். இப்போது அதன் மேல் பதினாலு மாடி நிற்கிறது. எப்படிச் சாய்ப்பது?

கீழேயிருந்து எட்டிப் பார்த்த மதினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஊரு ஒலகத்துக்கெல்லாம் வாசல் வச்சுக் குடுத்த மனுசன்! சொந்த வீட்டு ஓட்டைய அளக்கத் தெரியலியே!"

கொத்தனார் முகத்தில் ஈ ஆடவில்லை. மாடி மாடியாகப் பிரித்துக் கீழே கொண்டுபோய் அடுக்கலாம் என்றேன். "பிரிச்சுக் கட்டுததுக்கு இது என்ன கல்யாணப் பந்தலா?" என்றார். மீனுவை மேலே ஏற்றி இங்கேயே வெட்டச் சொல்லலாம் என்றேன். கீழேயிருந்து மீனுவின் குரல் வந்தது. "நஹி! எல்லாரும் பாக்கணும்!" இந்தக் கேக்கும் வராவிட்டால் அவள் பெரியப்பாவையும் எங்கள் கட்சியில் சேர்த்துவிடுவாள் என்று தெரிந்தது. பிறகு யார் பேச்சையும் கேட்க மாட்டாள்.

கொத்தனார் அந்தக் குரலைக் கேட்டார். எழுந்து நின்றார். மாலாவின் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஸ்க்ரூ டிரைவர எடும்."

ஐந்து நிமிடத்தில் ஜன்னல் கம்பி கழன்றது. பத்து நிமிடத்தில் வெளியே இரண்டு மூங்கில் நீட்டிக் கப்பி கட்டியாகிவிட்டது. பலகையின் நாலு மூலையிலும் கயிறு. அது ஆடாமலிருக்க, கீழே ஆளுக்கொரு பக்கம் பிடிக்க இரண்டு துணைக் கயிறு. எதிர்ச்சாரியில் காயப்போட்ட துணிகளையெல்லாம் பெண்கள் உள்ளே இழுத்தார்கள். உணவு டெலிவரி கொடுக்க பைக்கில் வந்த ஒருவர் "பாஜு ஹட்டோ!" என்று ஹாரன் அடித்தார். நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே ஒரு கட்டடம் ஜன்னல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு அவரும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டார். யாருக்கோ பிரியாணி அன்றைக்கு ஆறிப்போயிருக்கும்.

கொத்தனார் கீழே நின்று கைகாட்ட வேண்டும் என்பதால் மேலே மெயின் கயிறு என் கையில். ஆபீசில் ஃபைலைத் தவிர வேறெதையும் இறக்கிப் பழக்கமில்லாத கை.

"எறக்கும்... எறக்கும்... நில்லும்! வடக்க சாயுது! ஏ பைக்கு, தீலா சோடோ, கயித்தத் தளத்து! ஏட்டி எஸ்தரு, வயரத் தூக்கு!"

மதினி துணி காயப்போடும் கொம்பால் கேபிள் வயரைத் தூக்கிப் பிடித்தார். கட்டடம் அதற்கு அடியில் நுழைந்து, ஒருமுறை சுற்றி, பெருமூச்சு விட்டது போல நின்றது. பக்கத்தில் யாரோ ஜெபம் பண்ணும் சத்தமும் யாரோ முருகனைக் கூப்பிடும் சத்தமும் கேட்டன. இரண்டுமே நான்தான் என்று பிறகு சாந்தி சொன்னாள்.

மேஜையில் பலகை தொட்டதும் கல்லியே கைதட்டியது. கொத்தனார் மட்டும் தட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மொட்டைமாடியில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கத்தியை மீனுவிடம் கொடுத்தார்.

மீனு ஸ்டூலில் ஏறினாள். தண்ணீர்த் தொட்டியைத்தான் முதலில் ஒரே போடாகப் போட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் அவளைத் தனியாக வெட்ட விடவில்லை. எனக்கு மூணாவது மாடி, எனக்கு எட்டாவது மாடி என்று ஒரே களேபரம். ஜெனிஃபருக்குப் பால்கனி வேண்டும். அயானுக்கு ரோடு பார்த்த ஜன்னல். மீனு ஸ்டூலில் நின்றுகொண்டே வீடு ஒதுக்கினாள். எந்தப் புரோக்கருக்கும் அவ்வளவு அதிகாரம் இருக்காது. அரை மணி நேரத்தில் பலகையில் குச்சிகளும் பிசுக்கும்தான் மிச்சம்.

மீனு க்ரீம் அப்பிய முகத்தோடு என்னிடம் வந்தாள். பல நாளுக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு.

"அப்பா, பில்டிங் ஃபினிஷ். இனிமே போக வேணாம்ல?"

கொத்தனாரைப் பார்த்தேன். உங்களால் வந்த வினை, நீங்களே பதில் சொல்லுங்கள் என்பது போல.

அவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "பிள்ள, ஒன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அது அங்கன நிக்கி. நீ போய்த்தான் ஆவணும்."

மீனுவின் உதடு பிதுங்கியது. "அப்ப நீ வருவியா அங்க?"

"கட்டடம்னு இருந்தா கொத்தனாரு வராம எப்படி? வெடிச்சிருக்கா, ஒழுகுதான்னு பாக்கணும்லா. ஒவ்வொரு பர்த்டேக்கும் வந்து பாப்பேன். கேக்கோட."

"ப்ராமிஸ்?"

அவர் டவலில் சுற்றிய அந்தக் கரண்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். "இது ஒங்கிட்ட இருக்கட்டும். இது இல்லாம எனக்கு வேல ஓடாது. வந்துதான் ஆவணும் நானு."

அடுத்த வாரம் டெம்போ வந்தபோது மீனு அழவில்லை. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். சயான் வரைக்கும் அழுதது நானும் சாந்தியும்தான்.

இந்த வருடம் மீனுவுக்கு எட்டாவது பிறந்தநாள். சாயங்காலம் கொத்தனாரிடமிருந்து போன். "தம்பி, கீழதான் நிக்கேன். வேலைக்காரங்க பின்னால உள்ள லிஃப்டுல போவணும்னு வாட்ச்மேன் சொல்லுதாரு. நான் அப்படியே வந்திருதேன், நீரு ஒண்ணும் நெனைக்காதீரும்."

மதினி சுட்ட கேக்கையும் ரசமட்டம் துருத்தும் பையையும் பார்த்து வாட்ச்மேன் என்ன நினைத்தாரோ. நான் செருப்பைத் தேடுவதற்குள் மீனு இறங்கிப் போய்விட்டாள். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. வேலைக்கார ஆள் இல்லை என்று அவள் வாட்ச்மேனிடம் இந்தியில் போடும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

"காம்வாலா நஹி ஹை, அங்கிள். மேரே பெரியப்பா ஹைன்!"

நானும் சாந்தியும் பதினாலாவது மாடியில், குடியிருப்பவர்கள் போகிற முன்பக்க லிஃப்டுக்கு எதிரில் நின்றோம். மேலே விளக்கில் ஒன்று என்று எரிந்து நின்றது. பிறகு இரண்டு. பிறகு மூன்று. எல்லாப் பொத்தானையும் அழுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடுகிற சத்தமும், "இவர்தான் எங்க பெரியப்பா, இந்த பில்டிங்கயே கட்டிக் குடுத்தவர்" என்று தமிழிலும் இந்தியிலும் மாறி மாறி அவள் போடும் சத்தமும் கீழேயிருந்து ஏறிக்கொண்டே வந்தன. பதினாலில் கதவு திறந்தபோது கொத்தனார் கேக்கை இரண்டு கையாலும் ஏந்தி, புது மாப்பிள்ளை போல வெட்கத்தோடு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஒரு வருடமாக இங்கே குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னும் என் பெயர் தெரியாது. கொத்தனாரைப் பதினாலு மாடிக்கும் தெரியும்.

மீனுவிடமிருந்த கரண்டியை வாங்கிக் கேக்கைப் பூசி, மறுபடி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் கிளம்பினார். வழியனுப்ப நான் லிஃப்டில் கூடப் போனேன். கதவு மூடியதும், அவர் கவனிக்காத சமயம் பார்த்து, நானும் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாச்சி என் பக்கத்தில் நிற்கட்டுமே என்று.